சிறுநீரகத்தின் தொப்பி

1564-ல் பர்த்தலோமியோ யூஸ்டாக்கி என்ற இத்தாலிய உடற்கூறியல் மேதை ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் சின்னதாக ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கிறது என்று அதில் எழுதினார். எதற்கு இந்தத் தொப்பி என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. அவரை விடுங்கள், அடுத்த முந்நூறு வருஷத்துக்கு ஐரோப்பாவில் ஒருத்தரிடமும் இல்லை.

பதில் தெரியாவிட்டால் பரிசு அறிவிப்பது கற்றவர் வழக்கம். 1716-ல் பிரான்ஸின் போர்தோ நகர அகாடமி, அந்தத் தொப்பியான 'அட்ரினல் சுரப்பியால் என்ன பயன்?' என்று போட்டி வைத்தது. நடுவர் மாண்டெஸ்கியூ. ஆமாம், பின்னாளில் அரசாங்க அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஒன்று அடக்கட்டும் என்றாரே, அவரேதான். வந்த கட்டுரைகளைப் படித்து நொந்துபோனவர், 1718-ல் யாருக்கும் பரிசில்லை என்று அறிவித்துவிட்டார். இத்தனை உழைப்பால் கிடைக்காதது ஒருநாள் தற்செயலாகக் கிடைக்கலாம் என்றும் ஆறுதல் சொன்னார். ராஜாக்களுக்குக் கடிவாளம் போடச் சொல்லிக்கொடுத்த மனுஷன், உடம்பின் கடிவாளம் மேஜைமேல் கிடந்தபோது அடையாளம் தெரியாமல் அனுப்பிவிட்டார்.

1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 11 நோயாளிகளின் கதையைப் புத்தகமாக்கினார். எல்லோருக்கும் உடம்பு வற்றி, தெம்பு போய், தோல் வெண்கல நிறத்துக்கு மாறியிருந்தது. இறந்தபின் அறுத்துப் பார்த்தால் கெட்டுப்போயிருந்தது அட்ரினல். அடுத்த வருஷமே பாரீஸில் பிரவுன்-சேக்வார் என்பவர் மிருகங்களின் அட்ரினலை வெட்டியெடுத்துப் பார்த்தார். எல்லாம் செத்தன. ஆக, தொப்பி அலங்காரத்துக்கு இல்லை. இது தெரிய 292 வருஷம்.

பிரவுன்-சேக்வார் அதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாகப் போய்ச் சேர்ந்திருப்பார். 1889-ல், 72 வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைகளைப் பிழிந்து அந்தச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். பிறகு பாரீஸ் உயிரியல் சங்கத்தில் எழுந்து, தனக்கு இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். ஆதாரமும் வைத்திருந்தார்: மாடிப்படி ஓடி ஏறுகிறேன், கனம் தூக்குகிறேன், சிறுநீர் முன்பைவிடத் தூரமாகப் போய் விழுகிறது. கடைசியதை அளந்தே வைத்திருந்தார். சபையில் இருந்த பெரியவர்கள் வாயால் என்ன சொன்னார்களோ, ஊசி கேட்டு வந்த கூட்டம் மட்டும் ஐரோப்பா முழுக்க நிரம்பி வழிந்தது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். ஹார்மோன் என்ற பெயரே பிறக்காத காலத்தில், உலகம் அன்றைக்கு மனசில் ஒன்றைப் பதித்துக்கொண்டது: சுரப்பியின் சாறு என்றால் முறுக்கு, வேகம், வீரியம். ஆனால் அட்ரினலின் வெளிப்பகுதியான புறணியின் முக்கியமான வேலைகளில் ஒன்று நேர் எதிரானது: அடக்குவது. இதை ஒத்துக்கொள்ள விஞ்ஞானம் இன்னும் நூறு வருஷம் முரண்டு பிடித்தது.

யாரை அடக்குவது? காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நான்கையும் முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் வரிசையாக எழுதி வைத்தார். அழற்சி என்பது இதுதான். முள்ளும் கிருமியும் செய்வது இதில் கொஞ்சம். மிச்சமெல்லாம் நம் வெள்ளையணுக்களின் கைங்கர்யம். கிருமியைக் கண்டதும் ரசாயனங்களைக் கொட்டுவார்கள், ரத்தக்குழாயைத் திறந்துவிடுவார்கள், ஆள் சேர்ப்பார்கள். வேலை முடிந்தால் கலைந்துபோக வேண்டும். போகாவிட்டால் நம் சொந்த மூட்டையும் நுரையீரலையும் கடித்துத் துப்பிவிடுவார்கள். முடக்குவாதம் அப்படி வருகிற நோய்தான்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், ராச்செஸ்டர் என்ற ஊருக்கு வாருங்கள். அங்கே மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற வாதநோய் மருத்துவர் இருந்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் பைத்தியம். கோனன் டாயில் புத்தகங்களை வீடு நிறையச் சேர்த்தவர். 1929 ஏப்ரல் 1-ம் தேதி, 65 வயது நோயாளி ஒருவர், அவரும் டாக்டர்தான், ஹென்ச்சிடம் ஒரு செய்தி சொன்னார்: 'எனக்கு மஞ்சள் காமாலை வந்த மறுநாளே மூட்டுவலி பறந்துபோச்சு.' தேதியைப் பார்த்தால் வேறு யாராக இருந்தாலும் சிரித்து அனுப்பியிருப்பார்கள். ஹென்ச் நோட்டைத் திறந்தார். காமாலை சில வாரம்தான் இருந்தது. வலி பல மாதங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

தேடியதில் இப்படி இன்னும் பலர் கிடைத்தார்கள். ஹென்ச்சுக்குத் தலைகால் புரியவில்லை. காமாலை வந்தால் வாதம் போகிறதா? அப்படியானால் காமாலையை வரவழைத்துவிட்டால்? நோயாளிகளுக்குப் பித்தநீர் கொடுத்தார், பித்த உப்பு கொடுத்தார், கல்லீரல் சாறு கொடுத்தார். காமாலைக்காரர்களின் ரத்தத்தை எடுத்து வாதக்காரர்களுக்கு ஏற்றியும் பார்த்தார். ஒரு நோயைத் தீர்க்க இன்னொரு நோயை வாடகைக்கு எடுத்த முயற்சி. ஒன்றும் பலிக்கவில்லை.

அதற்குள் இன்னொரு தடயம் கிடைத்தது. கர்ப்பம் தரித்த பெண்களுக்கும் மூட்டுவலி குறைந்தது. பிரசவம் ஆனதும் வலி திரும்பி வந்தது. ஆண்களுக்குக் காமாலை, பெண்களுக்குக் கர்ப்பம் என்று சிகிச்சை எழுத முடியுமா? இரண்டு நிலையிலும் பொதுவாக ஏதோ ஒன்று உடம்பில் கூடுகிறது என்று ஊகித்து, அதற்கு 'எக்ஸ் பொருள்' என்று பெயர் வைத்தார். ஹோம்ஸ் ரசிகர் வேறென்ன பெயர் வைப்பார்?

எக்ஸ் அதே கிளினிக்கில்தான், எட்வர்ட் கெண்டலின் ஆய்வகத்தில் இருந்தது. இந்தக் கெண்டல் 1914 டிசம்பரில் தைராய்டு ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் புகழ் பெற்றவர். சோதனை நடுவே கண்ணயர்ந்துவிட்டார்; எழுந்து பார்த்தால் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிப் பாத்திரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூங்கினவன் கன்று கடாக் கன்று என்ற பழமொழி மினசோட்டாவுக்குப் பொருந்தவில்லை.

1930-களில் கெண்டல் மாட்டு அட்ரினல் பக்கம் திரும்பினார். இறைச்சிக் கூடங்களிலிருந்து சுரப்பிகள் டன் கணக்கில் வந்து இறங்கின. பார்க்-டேவிஸ் மருந்துக் கம்பெனியோடு பண்டமாற்று: அவர்கள் சுரப்பி தருவார்கள், இவர் அதன் உள்பகுதியிலிருந்து அட்ரினலினைப் பிரித்து அவர்களுக்குத் திருப்பித் தருவார், வெளிப்புறணி இவருக்கு. இத்தனை மாடுகளிலிருந்து கடைசியில் கிடைத்தது சில கிராம் பொடி. அதையும் வகை பிரித்து ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று பெயர் வைத்தார்.

அதே நேரம் ஸ்விட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைன், அதே சுரப்பி, அதே வேலை, வேறு எழுத்துகள். வைட்டமின் சி-யைத் தொழிற்சாலையில் தயாரிக்க வழி கண்டுபிடித்த கெட்டிக்காரர் அவர். கெண்டல் 'இ' என்று எழுதியதை ரைக்ஸ்டைன் 'எஃப்ஏ' என்றார். நியூயார்க்கில் விண்டர்ஸ்டைனர் அதையே 'எஃப்' என்றார். கெண்டலின் 'எஃப்' வேறு சரக்கு. ஒரே ஆசாமிக்கு மூன்று ஊரில் மூன்று ரேஷன் கார்டு.

1941 ஜனவரியில் ஹென்ச்சும் கெண்டலும் பேசிக்கொண்டபோது, கிடைக்கும்போது 'இ'-யை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஹென்ச் குறித்துக்கொண்டார். கிடைத்தால்தானே? அந்த நேரம் பார்த்துப் போர் வந்தது. போரோடு ஒரு வதந்தியும் வந்தது: ஜெர்மானியர்கள் அர்ஜென்டினாவிலிருந்து மாட்டு அட்ரினலை வாங்கிக் குவிக்கிறார்கள், அந்தச் சாறு ஏறிய விமானிகள் 40,000 அடி உயரத்தில் சோர்வில்லாமல் பறக்கிறார்கள். சுத்தப் புளுகு. ஆனால் அமெரிக்க அரசு நம்பிவிட்டது. பிரவுன்-சேக்வார் விதைத்த முறுக்கு நம்பிக்கை ஆகாயப் படை வரை முளைத்திருந்தது. ராணுவத்துக்காக அட்ரினல் ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரிக்கும் திட்டத்துக்கு முன்னுரிமை கிடைத்தது.

மெர்க் கம்பெனியில் லூயிஸ் சாரெட் என்ற இளம் வேதியியலாளர் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட வழியில் 'இ'-யைச் செய்துகாட்டினார். ஆரம்பச் சரக்கு என்ன தெரியுமா? மாட்டுப் பித்தநீர். ஹென்ச் பாவம், பல வருஷத்துக்கு முன்பே நோயாளிகளுக்குப் பித்தத்தைப் புகட்டியவர். சரக்கு சரிதான், முப்பது சொச்சம் படிகளைத் தாண்டிக் கொடுத்துவிட்டார்.

1948 செப்டம்பர் 21. மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண். காமாலையை வரவழைக்கும் பழைய வித்தையை அவரிடமும் செய்து பார்த்துத் தோற்றிருந்தார்கள். குணமாகாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அவர் அடம் பிடித்தார். மெர்க்கிடம் எழுதிக் கேட்டு வாங்கிய 'இ'-யை தினம் 100 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். அன்றைய நிலவரத்துக்கு அது தாராளமான அளவு. குறைத்துப் போட்டிருந்தால் பலன் தெரியாமலே கதை முடிந்திருக்கும். ஓரிரு நாளில் படுக்கையில் தானே புரண்டார். நாலாம் நாள் லேசான நொண்டலோடு நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய் மணிக்கணக்கில் சாமான் வாங்கிவிட்டு வந்தார்.

1949 ஏப்ரலில் மருத்துவர் சபையில் ஹென்ச் படம் போட்டுக் காட்டினார். முதலில் படியேற முடியாமல் தவிக்கிற நோயாளி. அடுத்த காட்சியில் அதே ஆள் விறுவிறுவென்று ஏறுகிறார். சபை எழுந்து கைதட்டியது. அடுத்த வருஷமே, 1950-ல், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. நோபல் கமிட்டி இவ்வளவு அவசரப்பட்டது அபூர்வம்.

'இ'-க்குக் கார்ட்டிசோன் என்று பெயர் வந்ததும் ஊரெல்லாம் கேட்டது. மாட்டுப் பித்தத்தில் எத்தனை பேருக்குத்தான் காய்ச்சுவது? ஆப்பிரிக்காவின் ஸ்ட்ரோஃபாந்தஸ் கொடியைத் தேடி ஆட்கள் கிளம்பினார்கள். மெக்சிகோவில் காட்டு வள்ளிக்கிழங்கு கைகொடுத்தது. 1952-ல் அப்ஜான் கம்பெனிக்காரர்கள், ரைசோபஸ் என்ற பூஞ்சை, வேதியியலாளர்கள் முட்டிமோதிய கடினமான படி ஒன்றை ஒரே தாவலில் முடிக்கிறது என்று கண்டார்கள். வெளியே வைத்த ரொட்டியில் பூக்கிற பூசணத்தின் குடும்பம். நோபல் பரிசுக்காரர்கள் திணறிய இடத்தில் ரொட்டிப் பூசணம் பாஸானது, விலையும் சரிந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் நோயாளிகளின் முகம் நிலாவாக உப்பியது. சர்க்கரை ஏறியது, எலும்பு நொறுங்கியது, சிலருக்குப் புத்தி பேதலித்தது. ஊசியை நிறுத்தினால் வலி பழைய வட்டிக்கு வட்டி சேர்த்து வந்து நின்றது. 1956-ல் ஹாலிவுட்டே படமெடுத்துவிட்டது: கார்ட்டிசோன் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தன்னைக் கடவுளாக நினைத்துக்கொள்ளும் பள்ளி வாத்தியாராக ஜேம்ஸ் மேசன் நடித்தார். நோபல் பரிசிலிருந்து வில்லன் வேஷத்துக்கு ஆறே வருஷம்.

அப்போது உடலியல் பண்டிதர்கள் ஒரு வசதியான முடிவுக்கு வந்தார்கள். அளவுக்கு மீறி ஊசி போட்டால் அழற்சி அடங்குகிறது. அது வெறும் மருந்துக் குணம். உடம்பில் இயல்பாகச் சுரக்கிற அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பு தன் சொந்தப் படையைத் தானே அடக்குமா? அதுவும் எதிரி வாசலில் நிற்கிற நேரத்தில்? ஹான்ஸ் செல்யே 1936-லேயே, நெருக்கடிக்கு ஆளான எலிகளுக்கு அட்ரினல் பெருத்து, வெள்ளையணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது என்று காட்டியிருந்தார். எலி கண்ணெதிரே கிடந்தது. பார்க்கத்தான் மனசில்லை.

பார்த்த ஒருத்தர் மரியஸ் டவுஸ்க், நெதர்லாந்தின் ஆர்கனான் மருந்துக் கம்பெனிக்காரர். நெருப்பை அணைக்க வந்த தீயணைப்புப் படை அடிக்கிற தண்ணீரே வீட்டைக் கெடுத்துவிடாமல் காப்பதுதான் இந்த ஹார்மோனின் வேலை என்று 1951-லேயே எழுதினார். எழுதியது கம்பெனியின் சொந்தப் பத்திரிகையில், ஜெர்மன் மொழியில். ரகசியத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி இல்லை.

முப்பது வருஷம் கழித்து அந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தவர் டார்ட்மவுத்தைச் சேர்ந்த ஆலன் மங்க். 1968-ல் எலியின் தைமஸ் அணுக்களில், அட்ரினல் ஹார்மோன் பிடித்துக்கொள்கிற ஏற்பி இருக்கிறது என்று அவரும் சக ஆய்வாளரும் காட்டினார்கள். வெள்ளையணு தன் வீட்டிலேயே இந்த ஹார்மோனுக்கென்று நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்றால், வருகை எதிர்பார்த்ததுதானே? 1984-ல் மங்க் பளிச்சென்று சொன்னார்: இந்த ஹார்மோன் நெருக்கடியிலிருந்து நம்மைக் காப்பதில்லை, நெருக்கடிக்கு நம் உடம்பு காட்டுகிற ஆர்ப்பாட்டத்திலிருந்து காக்கிறது.

மறுவருஷம், 1985-ல், கலிஃபோர்னியாவின் சால்க் நிலையத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு மனித ஏற்பியின் மரபணுவையே பிடித்துவிட்டது. 777 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். இன்சுலின் ஏற்பி போல அணுவின் வெளித்தோலில் நிற்கிற ரகம் இல்லை இது. உள்ளேயே, ஹெச்எஸ்பி 90 என்ற புரதத்தின் மடியில் சாய்ந்து சும்மா கிடக்கும். உடம்பில் இயல்பாகச் சுரக்கிற அந்த அட்ரினல் ஹார்மோன், கார்ட்டிசால், கொழுப்பு வகை; கேட்காமல் கொள்ளாமல் சுவரை ஊடுருவி உள்ளே வரும். (நோபல் வாங்கிய கார்ட்டிசோனால் இந்த ஏற்பியைச் சீண்டக்கூட முடியாது; கல்லீரல் அதைக் கார்ட்டிசாலாக, அதாவது கெண்டலின் 'எஃப்' ஆக, மாற்றித் தந்த பிறகுதான் வேலை நடக்கும். பரிசு ஒருத்தருக்கு, வேலை இன்னொருத்தருக்கு. இது எங்கே இல்லை?)

கார்ட்டிசால் வந்து ஒட்டியதும் ஏற்பி எழுந்து நேரே அணுக்கருவுக்குள் போகிறது. அங்கே என்எஃப்-கப்பா பி என்ற புரதம், டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 என்று அழற்சிச் சரக்குகளுக்கெல்லாம் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கும். ஏற்பி அதன் பக்கத்தில் போய் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறது. சில அணுக்களில் அதைக் கட்டிப்போடுகிற புரதத்தையும் கூடுதலாகச் செய்ய வைக்கிறது. சரக்கு நிற்கிறது; வீக்கம் வடிகிறது. பக்கவிளைவின் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. இதே ஏற்பி உடம்பின் அநேகமாக எல்லா அணுக்களிலும் உண்டு. வெள்ளையணுவை அடக்க அனுப்பிய மாத்திரை, கல்லீரலில் சர்க்கரை செய்யச் சொல்லும், எலும்பைக் கரைக்கச் சொல்லும்.

ஹார்மோனை யார் கூப்பிடுவது? 1986-ல் பெசெடோவ்ஸ்கி குழு காட்டியது: வெள்ளையணுக்கள் கொட்டுகிற இன்டர்லூக்கின் 1 மூளைக்குச் சேதி அனுப்பி அட்ரினலை முடுக்குகிறது. கலவரம் செய்கிறவரே போலீஸுக்கும் ஃபோன் போடுகிறார். 1989-ல் எஸ்தர் ஸ்டெர்ன்பெர்க் குழு கடைசி ஆணியை அடித்தது. லூயிஸ் எலி, ஃபிஷர் எலி என்று இரண்டு வம்சம். பாக்டீரியாவின் சுவர்த்துண்டை ஊசியாகப் போட்டால் லூயிஸுக்கு மூட்டுவாதம் வருகிறது. அதன் மூளை அட்ரினலைக் கூப்பிடுவதில் சோம்பேறி. ஃபிஷர் ஜம்மென்று திரிகிறது. அந்த ஃபிஷருக்கு ஆர்.யு. 486 என்ற மருந்தால் ஏற்பியை அடைத்துவிட்டு அதே ஊசியைப் போட்டார்கள். ஹார்மோன் இருந்தது, கிருமித்துண்டு பழையதுதான், நாற்காலி மட்டும் காலியில்லை. அந்த எலிகள் கடுமையான அழற்சியில் விழுந்தன. இயல்பான அளவில் சும்மா கிடக்கிற ஹார்மோன் என்று யாரோ சொன்னார்களே, அவர்களை அப்புறம் காணோம்.

இத்தனைக்குப் பிறகும் 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் பழைய பாட்டையே பாடியது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்று பானம் விற்றது, மாத்திரை விற்றது, மிட்டாய் விற்றது. அந்த ஜூன் 16-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டின் 'ரெகவரி' ஆய்வு முடிவைச் சொன்னது: தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டு, 1950-களின் மலிவுச் சரக்கு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. படைக்கு வேலை இருக்கும்போதே அதன் கையைக் கட்டுவானேன்? இந்த இரண்டாம் பாதியைக் கேட்காமல் காய்ச்சல் கண்டதுமே ஸ்டீராய்டை விழுங்கியவர்களும் உண்டு. 2021-ல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையோடு இதையும் ஒரு காரணமாக மருத்துவர்கள் சொன்னார்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்று அடுத்த முறை யாராவது பாட்டிலோடு வந்தால் விரட்டாதீர்கள். உட்காரவைத்து மரியாதையாக ஒன்று கேளுங்கள்: 'சார், தேவைப்பட்டால் குறைக்கிறதுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது?'